காற்று பிரிதல்

"நான் மாடு பிடிக்கப் போகலை டாக்டர்,
பனங்கிழங்கு விக்கப் போனேன்."
மயக்க மருந்து ஏறும்வரை
சேவுகமூர்த்தி சொன்னது இது மட்டும்தான்.

தை மூன்று. மஞ்சுவிரட்டுப் பொட்டல்.
கூட்டத்தைப் பிளந்து வந்த கட்டுமாடு
கிழங்குக் கட்டோடு அவனையும் தூக்கி எறிந்திருக்கிறது.
எழுந்து, துண்டை இறுக்கிக் கட்டி,
சிதறியதைப் பொறுக்கி
மிச்சத்தையும் விற்றிருக்கிறான்.
குத்துப்பட்டது பதினொன்றுக்கு.
காரைக்குடி ஆஸ்பத்திரிப் படியேறியபோது
மணி ஐந்து.

இடது விலாவுக்குக் கீழே
ஐந்து ரூபாய்க் காசளவு ஒரு வாய்,
அதில் எட்டிப் பார்க்கும் மஞ்சள் வபை.
வெளிக்காயம் பாதிதான் பேசும்.
நடுக்கோட்டில் திறந்தேன்.
முதலில் நாற்றம், பிறகு ரத்தம்.
பொங்கலன்று தின்ற பொங்கல்
மலமாகி மண்ணீரல் அடிவரை.
இறங்கு பெருங்குடல்
பாதிச் சுற்றுக்கு மேல் கிழிந்து
ஓரம் கறுத்துக் கிடந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ரெமிஜியஸ்
"எண்பது" என்றார்.
பிறகு "எழுபது."
நான்காவது பாட்டில் ரத்தம்
சிவகங்கையிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தது.

வெட்டியெடுத்தது ஒரு சாண்.
மிஞ்சிய இரண்டு முனைகளும் என் கையில்.
சேர்த்துத் தைக்கலாம். அரைமணி நேரம்.
தையல் பிடித்தால்
வந்தபடியே வீட்டுக்குப் போவான்.
பிடிக்காவிட்டால் ஐந்தாம் நாள் காய்ச்சல்,
ஏழாம் நாள் என்னவென்று நான் பார்த்திருக்கிறேன்.
புத்தகங்கள் இந்த இடத்தில்
'நோயாளியின் நிலையைப் பொறுத்து' என்று
நகர்ந்துவிடும்.
நோயாளி என் கைக்குக் கீழே
குளிர்ந்துகொண்டிருந்தான்.

கீழ்முனையை மூடி உள்ளே விட்டேன்.
மேல்முனையை வயிற்றுச் சுவர் வழியே இழுத்து
தோலோடு தைத்தேன்.
வெதுவெதுப்பான உப்புநீர், பத்து லிட்டர்.
நடுக்காயத்தின் தோலை மூடவில்லை.
சீழுக்கும் ஒரு வழி வேண்டும்.

பொன்னழகுக்கு மருந்துச்சீட்டின் பின்னால்
வரைந்து காட்டினேன்.
கானாடுகாத்தானில் பூட்டிய வீடொன்றைக்
கூட்டிப் பெருக்குகிறவள் அவள்.
நெடுநேரம் பார்த்தாள்.
"முன்தெருவுல நுழைஞ்சா
பின்தெருவுல போயித்தான் முடியும் அந்த வீடு.
நீங்க நடுவுல, ரெண்டாங்கட்டுச் செவத்த இடிச்சு
வாசல் வச்சிருக்கீக."
ஆமாம் என்றேன்.
"எம்புட்டு நாளைக்கு?"
மூன்று மாதம்.
"அப்புறம் அடைச்சிருவீகளா, பூச்சுத் தெரியாம?"
பூச்சுத் தெரியும் என்றேன்.

அவன் அதைப் பார்க்க ஒன்பது நாள் ஆனது.
சிவப்பாக, ஈரமாக,
தன்பாட்டுக்குச் சுருங்கி விரியும் சதை.
தொட்டால் வலிக்காது என்று
நர்ஸ் பாக்கியசீலி தொட்டுக் காட்டினாள்.
முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மாசியில் பை கசிந்து தோல் வெந்தது.
பங்குனியில் பள்ளத்தூர் பஸ்ஸில்
பை காற்றடைத்து உப்பி,
பின்சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தாராம்.
இறங்கி நடந்தே வந்திருந்தான்.
"செத்திருந்தா ஒரு நாள் நாத்தம் டாக்டர்."
நான் பதில் சொல்லவில்லை.
அன்றே தைத்திருந்தாலும் பிழைத்திருப்பானோ,
அந்தக் கேள்விக்கு எந்த ஸ்கேனும் இல்லை.

சித்திரையில் சேர்த்தேன்.
தினமும் வார்டு முழுக்கக் கேட்க
நான் கேட்கும் கேள்வி ஒன்றே:
"காத்து பிரிஞ்சுதா?"
இல்லை. மறுநாளும் இல்லை.
நான்காம் நாள், பக்கத்துக் கட்டில் குடலிறக்கக்காரர்
எனக்கு முன்பே கேட்டுவிட்டு
உதட்டைப் பிதுக்கினார்.
இரவு அவன் வயிற்றில் காது வைத்தேன்,
குழாய் வைத்தல்ல, காதையே.
தொலைவில் ஏதோ உருண்டது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

ஐந்தாம் நாள் விடியுமுன்
டியூட்டி அறைக் கதவில் பொன்னழகு.
வார்த்தை வரவில்லை.
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
தோள் குலுங்கச் சிரித்தாள்.
"டாக்டரம்மா... சத்தமாவே."

மறு தையில் புறநோயாளி வரிசையில் நின்றான்.
கையில் ஒரு கட்டுக் கிழங்கு.
நார் அதிகம், சாப்பிடாதே என்று
நான்தான் தடுத்திருந்தேன்.
ஒன்றை உரித்தான்,
நடு நரம்பை உருவி எறிந்தான்,
பாதியை என்னிடம் நீட்டிவிட்டு
மிச்சத்தை,
என் முகத்தைப் பார்த்தபடியே,
கடித்தான்.